அப்பாவின் காருக்கு ஒட்டுப் போட்ட கதை

உங்கள் வீட்டில் பழைய கார் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இதை அவசியம் படியுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, படியுங்கள். இதில் தையல், அப்பளம், வெள்ளம், பழைய இரும்புக் கடை எல்லாம் வருகின்றன.

எங்கள் வீட்டில் ஒரு பிரீமியர் பத்மினி இருக்கிறது. 1984-ஆம் வருஷம் அப்பா புதிதாக வாங்கியது. எனக்கு மூத்தது, ஆகையால் வீட்டில் என்னைவிட அதற்கு மரியாதை ஜாஸ்தி. அப்பா 2019-இல் காலமான பிறகு, "இதை யாருக்காவது கொடுத்துவிடலாமே" என்று சொன்னவர்கள் பலர். அம்மா எவரிடமும் வாதாடவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

2024-ஆம் வருஷம் தை மாதத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். அம்மா முன் ஸீட்டில், மடியில் பூக்கூடை. ஓட்டியவள் அடியேன். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இடது பின் சக்கரத்தில் பங்க்சர். 'இதென்ன பிரமாதம்' என்று புடவைத் தலைப்பைச் செருகிக் கொண்டு இறங்கினேன். கதவுக்கு அடியில் ஜாக்கை மாட்டித் திருகினேன். ஜாக் உயர்ந்தது. கார் உயரவில்லை! இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். 'நொறுக்' என்று ஒரு சத்தம். ஜாக்கின் தலை காருக்குள்ளே போய்விட்டது.

"ஏண்டி, அப்பளம் நொறுங்கின மாதிரி கேட்டதே?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

குனிந்து பார்த்தேன். வெள்ளை வர்ணம் உடைந்து, அதற்குப் பின்னால் காவி நிறத்தில் பொடி கொட்டிக் கொண்டிருந்தது. இரும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ சாம்பல் நிறக் காரை! கட்டை விரலால் தள்ளினேன், விரல் உள்ளே போயிற்று. பின்னால் வந்த லாரிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு, பின் ஆக்ஸிலுக்கு அடியில் மரக்கட்டையும் ஜாக்கும் வைத்துச் சக்கரத்தை மாற்றிக் கொடுத்தார். போகும்போது, "அம்மா, பெரியம்மா உட்கார்ந்திருக்கிற பக்கம் அடி சரியில்லே. மெதுவாப் போங்க" என்று மட்டும் சொன்னார். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் கல்யாணச் சாப்பாட்டில் அப்பளம் வந்தபோது எனக்கு என்னவோ அதைத் தொடப் பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய கார்களின் உறுப்புக்கள் எதுவானாலும் கிடைக்கும் என்று சென்னைவாசிகள் நம்புகிற பேட்டை அல்லவா? கடைக்குக் கடை தொங்கும் கதவுகளையும், அடுக்கிய பானெட்டுகளையும், கண்ணில்லாத முகங்களைப் போன்ற விளக்குச் சட்டங்களையும் பார்த்துக் கொண்டு நடந்தால் பொழுது போவதே தெரியாது. ஆனால் எனக்கு வேண்டிய உறுப்பு கிடைக்கவில்லை. ஒரே ஒரு கடையில் வெட்டியெடுத்த பத்மினித் துண்டு ஒன்று காட்டினார்கள். அதன் அடியும் என் காரின் அடியைப் போலவே இருந்தது. சர்க்கரை வியாதிக்காரரிடம் சர்க்கரை வியாதிக்கு யோசனை கேட்ட கதைதான். புதிது வாங்கலாம் என்றால் தயாரிப்பே கிடையாது. பம்பாய் குர்லாவில் பத்மினி செய்த தொழிற்சாலை, இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்திலேயே அந்த வேலையை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபர் மாதக் கடைசியில் பம்பாயின் கடைசி பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்றதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கடைக்காரர்தான் ஒரு டிங்கர் மேஸ்திரியின் பட்டறைக்கு வழி சொன்னார். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். அதில் ஒரு துணியைச் சுற்றி, கதவிலே வைத்தார். 'டக்' என்று ஒட்டிக் கொண்டது. மட்கார்டிலே வைத்தார், ஒட்டியது. கதவுக்கு அடியில் வைத்தார். காந்தம் கீழே விழுந்தது. ஒரு முழம் தள்ளி வைத்தார், அங்கும் விழுந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இங்கே தகரமே இல்லே. பட்டிதான் இருக்குது. யாரோ பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சு உட்டிருக்காங்க" என்றார்.

எனக்குச் 'சுருக்' என்றது. அது யார் என்று எனக்குத் தெரியும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் கோட்டூர்புரம் வீட்டுக்குள் வந்தபோது, கார் ஸீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றது. வெள்ளம் வடிந்ததும் அப்பா அதை ஒரு பெரிய பட்டறைக்கு இழுத்துக் கொண்டு போனார். ஒன்றரை மாதம் கழித்துப் புது மாப்பிள்ளை போல் வந்தது. ரசீதில், 'துருப்பிடித்த பாகங்கள் மாற்றப்பட்டன' என்று ஒரு வரி. அப்பா அந்த ரசீதைப் பத்திரமாகக் கோப்பில் வைத்திருந்தார். அந்த நம்பிக்கையோடுதான் அம்மாவை அந்த ஸீட்டில் உட்கார வைத்து நாலு வருஷம் கோயில் குளமெல்லாம் ஓட்டினார்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள பிராணவாயு இம்மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பும் சேர்ந்து கொண்டால் துருவுக்கு அவசரம் வந்துவிடும். கடற்கரை ஊரில் ஜன்னல் கம்பி எப்படி ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் கொள்ளும். அதனால்தான் வர்ணத்துக்கு அடியில் முதலில் கொப்புளம் கிளம்புகிறது. நாம் கொப்புளத்தைப் பார்க்கும் நாளில் உள்ளே விருந்து பாதி முடிந்திருக்கும். டில்லி குதுப்மினார் பக்கத்தில் சுமார் 1600 வருஷப் பழமையான ஓர் இரும்புத் தூண் மழையில் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அந்த இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸ், தூணின் மேல் மெல்லிய கவசம் ஒன்று உண்டாகும்படி செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். நம் கார்த் தகரத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

சரி, ஒரு தகரம் துருப்பிடித்தால் என்ன, குடியா முழுகிவிடும்? எந்தத் தகரம் என்பதைப் பொறுத்தது. அந்தக் காலத்து மோட்டார்களுக்கு அடியில் தனியாக ஒரு கனத்த இரும்புச் சட்டம் உண்டு. உடம்பை அதன்மேல் தூக்கி வைத்திருப்பார்கள். நம் சென்னையிலேயே 1961 முதல் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் அந்த ஜாதி. இங்கிலாந்தில் அந்தக் காரைத் திட்டமிட்ட சமயத்தில், கம்பெனிக்கு உடம்பு செய்து கொடுத்துக் கொண்டிருந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. ஆகவே துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கும்படி அமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலாட்டி. ஹெரால்டில் கதவுக்கு அடியிலுள்ள தகடு கெட்டால் போல்டைக் கழற்றி வேறு மாட்டலாம். மேல் துண்டு மாற்றுகிற மாதிரி. பத்மினியின் பரம்பரை வேறு. 1953-இல் இத்தாலியில் பிறந்த பியட் 1100-இன் வாரிசு அது. அதற்குத் தனிச் சட்டம் கிடையாது. தகர உடம்பே எலும்பும் தோலும். பட்டறைகளில் ரன்னிங் போர்டு என்கிறார்களே, கதவுகளுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடும் நீளப் பெட்டி, அதுதான் இதன் முதுகெலும்பு. இரண்டு பக்கமும் இந்தப் பெட்டி இருந்தால்தான் கார் நடுவில் தொய்யாமல் நிற்கும். அதற்குள் வெள்ளத் தண்ணீர் புகுந்து, வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது. அதை அடைத்த பட்டிக்குப் பலம் ஏது? முகத்துக்குப் பூசுகிற பவுடரை எலும்பு முறிவுக்குப் பூசினாற்போல்!

இத்தனையும் சொல்லிவிட்டு மேஸ்திரி, "வித்துடறதுன்னாலும் வித்துடுங்க, நான் தப்பாச் சொல்லமாட்டேன். வேலை எடுத்தா முழுசா எடுக்கணும். திறந்து பார்க்காம விலை சொல்ல மாட்டேன்" என்றார்.

அந்த வருஷம் பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய தவணை வேறு. சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் ஆன பிறகு, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை காட்டிப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? 2021-இல் வந்த விதிப்படி ஐம்பது வயதான வண்டிகளுக்குப் 'புராதன வாகனம்' என்று தனி அந்தஸ்து உண்டு. எங்கள் கார் அந்த அந்தஸ்தை எட்ட இன்னும் பத்து வருஷம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அப்பா ஏமாந்தார் என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா கேட்டுக் கொண்டிருந்துவிட்டு, "அந்த ரசீது கோப்பில் இருக்கே, மாத்தினதாப் போட்டிருக்கே?" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். "சரி, புரிஞ்சுது" என்று எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் காபி டம்ளரை வைக்கும்போது, "திறந்து பார்க்கச் சொல்லு" என்றாள்.

திறந்த அன்று நான் பட்டறையில் இருந்தேன். பாட்டரி இணைப்பை எடுத்து, ஸீட்டுகளையும் தரை விரிப்பையும் கழற்றி, நெருப்பு வேலை என்பதால் பெட்ரோல் டாங்கையும் இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். பிறகு மேஸ்திரி செய்ததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் முட்டுக் கொடுத்தார்! சக்கரங்களுக்குப் பக்கமாக நாலு இடத்தில் மட்டம் பார்த்துக் காரை நிறுத்தி, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தார். வாசலின் மூலைக்கு மூலை அளந்து சுவரில் கரித்துண்டால் எழுதிக் கொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"அடியை வெட்டினதும் வண்டி நடுவிலே உக்காந்துடும்மா. அப்படியே புதுத் தகரம் வெச்சா அந்தக் கோணலே நிரந்தரமாயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது" என்றார்.

வெட்டினார்கள். கிரைண்டர் சக்கரம் பொறி பறக்க ஓடியது. வெளித் தகடு கழன்று விழுந்ததும் உள்ளே பெட்டி நெடுகிலும் ஏதோ அடைத்திருந்தது. மேஸ்திரி உளியால் தட்டினார். கட்டி கட்டியாக மண்! காய்ந்து, பர்பி மாதிரி துண்டு துண்டாக வந்தது. அதில் ஒரு வேப்பிலைக் காம்பு கூட ஒட்டியிருந்தது. எட்டு வருஷமாக அடையாற்றுச் சேற்றை நாங்கள் ஊரெல்லாம் சுமந்து கொண்டிருந்திருக்கிறோம். அதற்குப் பின்னால் உட்புறத் தகட்டின் கீழ்ப் பகுதியில் நாலு விரல் உயரத்துக்குச் சல்லடை. அம்மா கால் வைக்கிற தரையின் ஓரத்தில் பட்டறைத் தரை தெரிந்தது.

புதுத் தகட்டைக் கடையில் வாங்க முடியாது என்றேனே, அதை மேஸ்திரி 'தைத்தார்'. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வலது பக்கத்தில் கெடாமலிருந்த பாகத்தின்மேல் அட்டையை வைத்து அளவெடுத்து வெட்டினார். அதைத் திருப்பிப் போட்டால் இடது பக்கத்து அளவு. அளவு ரவிக்கை இருந்தால் தையற்காரர் புது ரவிக்கை தைத்துவிடுவார் அல்லவா? சுற்றிலும் தையலுக்குத் துணி விடுகிற மாதிரி அரை அங்குலம் விட்டார். அந்த ஓரம்தான் மடங்கிப் பழைய தகட்டோடு ஒட்டும். தகரம் 20 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான கனம். "இன்னும் தடியாகப் போட்டால் உறுதியாக இருக்காதோ?" என்று என் படித்த அறிவைக் காட்டினேன். தடித்த தகட்டை மெல்லிய பழந்தகட்டோடு சேர்த்து உருக்கினால், தடித்தது சூடேறுவதற்குள் மெல்லியது ஓட்டையாகிவிடுமாம். பட்டுப் புடவைக்குக் கோணியில் ஒட்டுப் போடலாமா? "துருப்பிடிக்காத நாகத் தகடு போடலாமே, வாளி செய்வார்களே?" என்று அடுத்த கேள்வி. அதை உருக்கினால் நாகம் புகையாக எழும்பும், சுவாசித்தவனுக்கு இரவே குளிர் ஜுரம் வரும் என்றார். அதற்குப் பிறகு நான் யோசனை சொல்வதை நிறுத்திக் கொண்டேன்.

மடிப்புக்கு யந்திரம் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியின் வெளி வளைவுக்கு யந்திரம் உதவவில்லை. கொட்டாப்புளியும், ஒரு பழைய இரும்புக் குழாயும், மேஸ்திரியின் உள்ளங்கையும்தான். தட்டுவார், கண்ணை மூடிக் கொண்டு தடவுவார், மறுபடி தட்டுவார். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்றார். சப்பாத்தி மாவைத் தொட்டுப் பதம் பார்க்கிற உங்களுக்கு இது புரியும்.

பழைய தகட்டைத் துருவோடு விட்டு ஒட்ட முடியாது. பளபளவென்று நல்ல இரும்பு தெரிகிற இடம் வரை வெட்ட வேண்டும். நாலு விரல் என்று ஆரம்பித்தது ஆறு விரல் ஆயிற்று. முதலில் தரை ஓரம், பிறகு உள் தகடு, கடைசியில் வெளித் தகடு. ஒரே மூச்சாகப் பற்றவைக்காமல், இங்கே ஒரு பொட்டு, ஒரு முழம் தள்ளி அங்கே ஒரு பொட்டு, ஆற விட்டு நடுவில் ஒரு பொட்டு என்று தாவித் தாவிப் போனார். ஒரே இடத்தில் சூடு ஏறினால் தகடு சுட்ட அப்பளமாக நெளிந்துவிடும். முன்னெல்லாம் காஸ் வெல்டிங்தான். அதில் சூடு பரவும். இப்போது கம்பியை மின்சாரத்தால் உருக்கி, கரியமிலவாயுவை மேலே வீசிக் காப்பாற்றுகிற வெல்டிங் வந்திருப்பதால் கொஞ்சம் சௌகரியம். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டிச் சாத்திப் பார்ப்பதும், சுவரில் எழுதிய அளவோடு ஒத்துப் பார்ப்பதும் உண்டு. ஒரு தடவை கதவு மேலே இடித்தது. அன்று போட்ட பொட்டுகள் அத்தனையையும் வெட்டிவிட்டு மறுநாள் ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

ஒரு வாரம் என்றார், பத்தொன்பது நாள் ஆயிற்று. நடுவில் வலது பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று திறந்ததில் அங்கும் கொஞ்சம் சேறு. செலவைக் கேட்காதீர்கள். என் இரண்டு மாதச் சம்பளம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த விலைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம் என்று என் தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான்.

வர்ணம் பூசுவதற்கு முன் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு இரண்டு காரியம் காட்டினார். ஒன்று, பெட்டியின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள். "இதை அடைச்சதாலேதான் முன்னே தண்ணி நின்னுது. மழைக்காலம் முடிஞ்சா ஒரு குச்சி விட்டுக் குத்திடுங்க." இரண்டாவது, பெட்டிக்குள்ளே எண்ணெய் தெளித்தது. வெளியே ஆயிரம் வர்ணம் பூசினாலும் துரு உள்ளேயிருந்துதான் புறப்படுகிறது. ஆகையால் வருஷத்துக்கொரு முறை உள்ளே தலைக்கு எண்ணெய் வைப்பது அவசியம்.

இதைப் படிக்கிற சகோதரிகளில் யாராவது பழைய கார் வாங்கப் போவதாக உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றைக் கைப்பையில் போட்டுக் கொண்டு கூடப் போங்கள். மெல்லிய கைக்குட்டையில் சுற்றி, கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, டிக்கியின் தரை, ரன்னிங் போர்டு, இந்த நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள். விழுந்தால் விலை பேசுவதை நிறுத்துங்கள். விற்கிறவர் கொஞ்சம் முறைப்பார். பட்டுப் புடவையில் ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிறவர்களுக்கு முறைப்பு புதிதா என்ன?

கார் தயாரான அன்று அம்மாவும் வந்தாள். நேரே போய்த் தன் பழைய ஸீட்டில் உட்கார்ந்தாள். மேஸ்திரி அதே இடது பக்கத்தில் ஜாக்கை மாட்டினார்.

"பெரியம்மா, கொஞ்சம் இறங்கிக்குங்க. சோதிச்சுக் காட்டணும்."

"நான் இருந்தால்தானே சோதனை? நீங்க திருகுங்கோ" என்றாள் அம்மா.

எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. மேஸ்திரி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரித்துக் கொண்டே திருகினார். கார் அம்மாவோடு மெல்ல உயர்ந்தது. பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. நொறுக் என்ற சத்தம் இல்லை. "இப்போ கதவைத் திறந்து சாத்துங்க பெரியம்மா" என்றார். அம்மா கதவைத் திறந்து, விட்டாள். எங்கும் இடிக்காமல், 'தட்' என்று ஒரே சத்தத்தில் சாத்திக் கொண்டது.

இறங்கியதும் அம்மா மூலையில் கிடந்த பழைய தகட்டைக் காட்டி, "அது நம்முடையதுதானே? எடைக்குப் போடலாமே?" என்றாள். பட்டறைப் பையன் தூக்கினான். பாதி அங்கேயே பொடியாக உதிர்ந்தது. எஞ்சியதை அடுத்த தெருக் கடையில் நிறுத்துக் கொடுத்த காசுக்கு அரை முழம் மல்லிகைதான் வந்தது. அம்மா அதைக் காரின் முன்கண்ணாடியில் மாட்டிவிட்டு, "போகிற வழியிலே அந்த ரசீதைக் கிழிச்சுப் போட்டுடு" என்றாள். கிழிக்கவில்லை, கோப்பிலேயே வைத்திருக்கிறேன். அதன்மேல் மேஸ்திரி கொடுத்த துண்டுச் சீட்டையும் குத்தி வைத்திருக்கிறேன். அதில் அளவுகளும் தகட்டின் கேஜும் மட்டும் எழுதியிருக்கின்றன.